கதவில் ஒட்டிய சாமான்கள்

எங்கள் வீட்டில் ஒரு பொருளை ஓரிடத்தில் வைத்துவிட்டு மறுநாள் அதே இடத்தில் காண்பது நடவாத காரியம். அதுவும் நான் சேர்த்து வைக்கிற சாமான் என்றால் சொல்லவே தேவையில்லை. மூன்று கிழமை தேடி, நல்ல பளபளப்பான செப்புக் கம்பிச் சுருள் ஒன்றை எடுத்து வைத்திருந்தேன். காலையில் பார்த்தால் அது என் கணவரின் வள்ளத்தில், எஞ்சினுக்குப் பக்கத்தில், எதையோ இறுக்கிக் கட்டிக்கொண்டிருக்கிறது.

"சும்மா கிடந்ததுதானேயப்பா" என்றார்.

சும்மா கிடக்கவில்லை. நான் சாமான் ஒட்டிக்கொண்டிருக்கிற பழைய கதவின் இடது மூலையில், பீங்கான் துண்டுக்கும் சைக்கிள் மணி மூடிக்கும் நடுவில் வருவதற்காக அது காத்துக் கிடந்தது. இதை ஒரு மீன்பிடிகாரனுக்கு எப்படி விளங்கப்படுத்துவது? இருபத்தைந்து வருடமாக முயற்சி செய்து நான் தோற்ற பல விடயங்களில் இதுவும் ஒன்று.

நான் சட்டை தைக்கிறவள். பள்ளிக்கூட வெள்ளைச் சட்டை, பெருநாள் சட்டை, கலியாண வீட்டுப் பிளவுஸ். தைத்து மிஞ்சிய பொத்தான், சரிகைத் துண்டு, லேஸ், மணி எல்லாம் ஒரு பால்மா டின்னுக்குள் சேர்ந்துகொண்டே வந்தன. ஒருநாள் யாரிலோ வந்த கோபத்தில் டின்னைக் கவிழ்த்து, எல்லாவற்றையும் ஒரு பலகைத் துண்டில் ஒட்டினேன். கோபம் எதற்கென்று இப்போது ஞாபகமில்லை. ஒட்டி முடித்தபோது மனம் ஆறியிருந்தது மட்டும் ஞாபகமிருக்கிறது. அன்றிலிருந்து கையில் அகப்பட்டதையெல்லாம் சேர்க்கத் தொடங்கினேன். கரையொதுங்கிய வலை மிதப்பு, அரிக்கன் லாம்பின் திரி திருகி, காது போன கோப்பை, றேடியோவின் ஏரியல், ஒரு காலத்தில் எந்தப் பூட்டையோ திறந்த திறப்புகள். அவற்றைப் பலகையில் அடுக்கி, ஒட்டி, ஆணி அடித்து, கம்பியால் கட்டி, இடைவெளிகளில் சரிகையும் பொத்தானும் வைத்து நிரப்புவேன்.

ஊரில் இதற்கு 'ஒட்டு வேலை' என்று பெயர். "அக்கா ஒட்டு வேலை செய்யிறா" என்று சொல்லும்போது குரலில் ஒரு இரக்கம் இருக்கும். சுகமில்லாத ஆளைப் பற்றிக் கதைப்பதுபோல.

இந்த வேலைக்கு வன்னியைப்போலத் தோதில்லாத இடம் உலகத்தில் இராது. இங்கே ஒருவரும் ஒன்றையும் எறிவதில்லை. வெடித்த வாளியில் கறிவேப்பிலைக் கன்று வைப்பார்கள். கால் முறிந்த பிளாஸ்ரிக் கதிரையைக் கம்பி போட்டுத் தைத்து, வீட்டுக்கு வருகிறவரை அதில்தான் இருத்துவார்கள். உரப்பை வேலிக்குப் போகும், பழைய சேலை வேலிக்கும் கட்டிலுக்கும் போகும். சண்டையில் எல்லாவற்றையும் இழந்து திரும்பி வந்த சனம். ஒரு மூடியைக்கூட 'இது என்னத்துக்கு' என்று சொல்ல அவர்களுக்கு வாய் வராது. எனக்கும் வராது. ஆனால் எல்லாரும் என்னைப்போல இருந்தால் நான் எங்கே போய்ப் பொறுக்குவது?

போதாக்குறைக்குப் பசை. தண்ணீரூற்றுக் கடையில் விற்கிற பசைக்கும் எங்கள் கடற்காற்றுக்கும் ஜென்மப் பகை. காலையில் ஒட்டுவதெல்லாம் மத்தியானம் ஒவ்வொன்றாக விழும். தையல் மெஷினை மிதித்துக்கொண்டிருப்பேன், பின்னால் 'டொக்' என்று கேட்கும். கொஞ்ச நேரத்தில் இன்னொரு 'டொக்'. எழும்பிப் போய்ப் பொறுக்கி மறுபடி ஒட்டுவேன்.

இப்படியிருக்க, ஒருநாள் கொழும்பிலிருந்து ஒரு பிள்ளை வந்தாள். பெண்களின் கைவேலைகளைப் பற்றி ஏதோ எழுதுவதற்காக ஊர் ஊராகத் திரிந்தவள். நான் தைத்த சட்டைகளைப் பார்க்க வந்தவளுடைய கண், பின்சுவரில் சாத்தியிருந்த கதவில் போய் நின்றது. அப்போது அதில் பாதி வேலைதான் முடிந்திருந்தது. "அன்ரி, இது நீங்களே செய்தது?" என்று கேட்டு, போனில் இருபது முப்பது படம் எடுத்தாள். ஒரு மாதம் கழித்து அழைத்தாள். கொழும்பில் ஒரு கண்காட்சி வைக்கிறார்களாம், கதவை அனுப்ப முடியுமா, வான் தாங்களே அனுப்புவார்களாம்.

வாழ்க்கையில் முதல் தடவையாக என் ஒட்டு வேலையை ஒருவர் கேட்டார். அதை நான் எவ்வளவு விரும்பினேன் என்று சொன்னால் வெட்கம். ஞாயிறு பூசையில்கூட அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவள் மறுபடியும் அழைத்து, "அன்ரி, வெற்றுத் தோட்டாக் கோதுகள் கொஞ்சம் சேர்க்கேலாதோ? சண்டை நடந்த இடமெல்லோ?" என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என்னிடம் இருப்பது பொத்தான், அவள் கேட்பது கோது. "அது பழைய இரும்புக்குப் போயிட்டுது பிள்ளை" என்று மட்டும் சொன்னேன்.

கதவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது எங்கள் பழைய வீட்டு முன்கதவு. அப்படித்தான் நாங்கள் சொல்லுவோம்.

திரும்பி வந்த முதல் மாதங்களில் எங்கள் ஊரில் ஒரு ஒழுங்கு இருந்தது. யாரும் கூட்டம் கூடி வைத்த ஒழுங்கு அல்ல, தானாக வந்தது. சாமான்கள் எல்லாம் ஊர் முழுக்கச் சிதறிக் கிடந்தன. என் வீட்டு அம்மி உங்கள் வளவில், உங்கள் கிணற்றுக் கப்பி இன்னொருவர் பற்றைக்குள். அதனால், அடுத்தவர் வளவில் தன்னுடைய பொருளை அடையாளம் கண்டவர் 'இது எங்கட' என்று சொன்னால் போதும், எடுத்துக்கொண்டு போகலாம். அடையாளம் கேட்பதில்லை, சாட்சி கேட்பதில்லை. கேட்டால் அது பெரிய அவமரியாதை. கேட்க யாருக்கும் மனமும் இல்லை.

எங்கள் வீட்டுக்குக் கூரையும் இல்லை, கதவும் இல்லை. சுவரும் வாசல் நிலையும் நின்றன. இரண்டு சின்னப் பிள்ளைகள், சுற்றிவரப் பற்றை, நாய், பாம்பு. நாலு வீடு தள்ளி இருக்கிற அக்காவின் வளவில் ஒரு நீலக் கதவு கிடப்பதைப் பார்த்ததும் எனக்கு உயிர் வந்தது. எங்கள் கதவும் நீலம். நேரே போய், "அக்கா, இது எங்கட கதவு" என்றேன். அவர் என்னைப் பார்த்தார், இடுப்பில் இருந்த சின்னவனைப் பார்த்தார். "உங்கடையெண்டால் கொண்டு போங்கோ பிள்ளை" என்றார். ஒரு பக்கத்தை அவரே தூக்கியும் தந்தார்.

கொண்டுவந்து நிலையில் வைத்தால் மூன்று விரல் கட்டை. மேலே மூன்று விரல் இடைவெளி, வெளிச்சம் தெரிந்தது. "நிலை நிமிர்ந்திட்டுது போல" என்றார் என் கணவர். "ஓம், ஷெல் அதிர்ச்சியிலை" என்றேன் நான். எங்கள் ஊரில் வள்ளத்துக்கு அடித்து மிஞ்சிய பெயின்ற்றைத்தான் வீட்டுக் கதவுக்கும் அடிப்பது. கடைசியாக அடித்த வருடம் கடைக்கு நீலம் மட்டும்தான் வந்தது. தெருவில் பாதிக் கதவு அதே நீலம். இது எனக்குத் தெரியாதா? தெரியும். அன்றைக்கு நினைவுக்கு வரவில்லை, அல்லது வரவிடவில்லை. யாரோ தூர இடத்து ஆட்களின் கதவு, அக்காவின் வளவில் வந்து விழுந்திருக்கிறது என்று பிறகு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இடைவெளியில் ஒரு தகரத் துண்டை அடித்தோம். அக்காவின் வீட்டு வாசலில், மற்ற எல்லார் வீட்டு வாசலிலும்போல, ஒன்றரை வருடம் கதவுக்குப் பதில் தறப்பாள் தொங்கியது.

வீட்டுத்திட்டத்தில் புது வீடு வந்தபோது புதுக் கதவும் வந்தது. நீலக் கதவு குசினிக்குப் பின்னால் நின்றது. பிறகு என் ஒட்டு வேலைக்குப் பலகையாயிற்று. நல்ல பாலைமரம். எவ்வளவு ஆணி அடித்தாலும் வெடிக்காது.

கதவின் நடுவில் என்ன வைப்பது என்று நாலு மாதம் மண்டையை உடைத்தேன். வைத்தது எல்லாம் சின்னதாகவோ சிணுங்கலாகவோ தெரிந்தது. கடைசியில் பழைய இரும்பு சேர்க்கிறவரின் மூட்டைக்குள் ஒரு மர இடியப்ப உரலின் கீழ்ப்பாதியைக் கண்டேன். இரண்டு பக்கமும் கைபிடி, நடுவில் குழி, குழியின் அடியில் சின்னச் சின்னத் துளைகளோடு பித்தளைத் தட்டு. நெடுங்கேணிப் பக்கம் எடுத்தது என்றார். ஒரு ஓட்டை வாளியைக் கொடுத்து வாங்கினேன். கதவின் நடுவில் வட்டமாக ஒரு கண்ணாடித் துண்டை ஒட்டி, அதன் மேல் உரலைப் பதித்தேன். பின்னேர வெயில் பட்டால் துளைகளுக்குள்ளால் கண்ணாடி மினுங்கியது. சுற்றிவரச் சரிகை. அன்றைக்குத்தான் கதவு முடிந்தது. அன்றைக்கு ஒரு 'டொக்'கும் கேட்கவில்லை.

சனிக்கிழமை வான் வருவதாக இருந்தது. வியாழக்கிழமை பின்னேரம், கதவைத் தந்த அந்த அக்கா வந்தார்.

பேர்த்திக்குச் சட்டை அளவு கொடுக்க வந்தவர், கதவைக் கண்டு அப்படியே நின்றார். கிட்டப் போய்க் குனிந்தார். மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார்.

"பிள்ளை, உது எங்கட உரல்."

"இல்லையக்கா, இது பழைய இரும்புக்காரரிட்டை எடுத்தது. நெடுங்கேணிப் பக்கம் இருந்து வந்ததாம்."

"நெடுங்கேணிக்கு எங்கையிருந்து போச்சுதோ?"

எங்கள் சாமான்கள் எங்களைவிடக் கூட ஊர் பார்த்தவை.

"உரல் எல்லாம் ஒரே மாதிரித்தானேயக்கா இருக்கும்."

"கைபிடியிலை ஒரு வெட்டுக் கிடக்குப் பாருங்கோ. அது இவர் மண்வெட்டியாலை போட்டது." இவர் என்றது கணவரை. அந்த மனிதர் திரும்பி வரவில்லை. "மேல்பாதி என்னட்டைத்தான் கிடக்கு. போன இடமெல்லாம் கொண்டு திரிஞ்சனான். உள்ளி இடிக்கிறது அதாலைதான்."

வெட்டு இருந்தது. எந்தப் பழைய மரச் சாமானில்தான் வெட்டு இல்லை? நான் நாலு மாதம் தேடிய உரல். நாளை மறுநாள் வான். இதை எடுத்தால் கதவின் முகமே போய்விடும். கோபத்தில் என் வாயிலிருந்து அது வந்தது. இந்த ஊரில் இத்தனை வருடமாக ஒருவரும் ஒருவரிடமும் கேட்காதது.

"அப்பிடியெண்டால் மேல்பாதியைக் கொண்டு வாங்கோ அக்கா. வைச்சுப் பாப்பம்."

"கொண்டு வாறன்" என்று சொல்லிவிட்டு, சட்டை அளவையும் மறந்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஒரு சீலைப் பைக்குள் சுற்றிக்கொண்டு வந்தார். கதவைச் சுவரிலிருந்து இறக்கி நிலத்தில் கிடத்தினேன். அவர் முழங்கால் போட்டு இருந்து, மேல்பாதியைக் குழிக்குள் வைத்தார். போகவில்லை. திருப்பி வைத்தார். போகவில்லை. ஒரு நகக் கனம் பெரிது.

"மரம் ஊதியிருக்கும்" என்றார்.

"ஊதேல்லையக்கா. இது வேற உரல். நீங்களே வடிவாப் பாருங்கோ."

அவர் இன்னொருமுறை இரண்டு கையாலும் அழுத்தினார். ஒரு பொத்தான் கழன்று உருண்டது. என்னால் பொறுக்க முடியவில்லை. "அக்கா, வேலை பழுதாப் போகும்" என்றேன், கொஞ்சம் சத்தமாகவே.

அவர் நிறுத்தினார். மேல்பாதியைப் பைக்குள் சுற்றி வைத்தார். கதவின் விளிம்பில் கையை ஊன்றி மெல்ல எழும்பினார். "ஓம் பிள்ளை. பொருந்தேல்லைத்தான்" என்றார். உருண்ட பொத்தானைப் பொறுக்கி என் கையில் தந்துவிட்டுப் போனார்.

வென்றுவிட்டேன். வென்ற ஆள் எப்படி இருக்க வேண்டுமோ அப்படி நான் இல்லை. அன்று பின்னேரம் தைத்த சட்டையின் கையைத் தலைகீழாகப் பொருத்தி, பிரித்து, மறுபடி தலைகீழாகவே பொருத்தினேன். கடலிலிருந்து வந்த கணவரிடம் நடந்ததைச் சொன்னேன். என் பக்கம் கதைப்பார் என்று எதிர்பார்த்துச் சொன்னேன்.

"குடுத்திருக்கலாம்" என்றார், வலையை உதறிக்கொண்டு.

"அது அவாவின்ரை இல்லையப்பா! வைச்சுப் பாத்தாச்சு, பொருந்தேல்லை!"

"கதவு மட்டும் எங்களுக்குப் பொருந்தினதோ?"

இந்த மனிதர் வருடத்தில் இரண்டு தடவைதான் ஒழுங்கான கதை கதைப்பார். அதை எனக்கு விருப்பமில்லாத நேரம் பார்த்தே கதைப்பார். அவரோடு கதைக்காமல் சோற்றைப் போட்டேன். அவரில் கோபம், அக்காவில் கோபம், கொழும்புப் பிள்ளையில் கோபம். இவர்கள் எல்லாரையும்விட, 'கொண்டு வாங்கோ, வைச்சுப் பாப்பம்' என்று சொன்ன என்னுடைய வாயில் கோபம்.

சனிக்கிழமை விடிந்ததும் திருகாணி முறுக்கியை எடுத்துக்கொண்டு கதவுக்கு முன்னால் இருந்தேன். யாருடையதோ கதவை எனக்குத் தந்தவருக்கு, யாருடையதோ உரலை நான் கொடுத்தால் கணக்குச் சரி என்று நினைத்தேன். ஆனால் ஒரு பொத்தானைப் பிடித்து வைக்கத் தெரியாத அந்தப் பசை, இந்த உரலை மட்டும் விடமாட்டேன் என்றது. நெம்பினேன், திட்டினேன், கம்பியை வெட்டினேன். கடைசியில் கழன்றபோது சரிகையும் சேர்ந்து கிழிந்து வந்தது. நடுவில் வட்டக் கண்ணாடியும் பசைத் தழும்பும் மிச்சம். அழுகை வந்தது. சரிசெய்ய நேரமில்லை, படலையடியில் வான் சத்தம் கேட்டது.

கொழும்புப் பிள்ளை கதவின் முன்னால் நின்று இரண்டு கையாலும் வாயைப் பொத்தினாள். முடிந்தது, வேண்டாமென்று சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன்.

"அன்ரி! இந்த வெறுமை! பாக்கிற ஆக்களின்ரை முகமே நடுவிலை தெரியுது. இழப்பு அப்பிடியே கதைக்குது."

"அது இழப்பு இல்லைப் பிள்ளை. அதிலை இடியப்ப உரல் இருந்தது. இண்டைக்குக் காலமைதான் கழட்டினனான்."

"ஐயோ, இனி ஒண்டும் வைக்காதேங்கோ. இதுதான் வேலை."

நாலு மாதம் மண்டையை உடைத்தது வேலையில்லை. பத்து நிமிடம் நெம்பிக் கழற்றியதுதான் வேலையாம். அவளோடு வாதாட என்னிடம் பலம் இருக்கவில்லை. சாரதியும் என் கணவரும் கதவைப் பழைய மெத்தைக்குள் சுற்றி ஏற்றினார்கள். தெருச் சனம் முழுக்கப் பார்த்துக்கொண்டு நின்றது. வான் போனது. எத்தனை வருடம் ஏங்கிய நாள், ஒரு மண்ணும் தோன்றவில்லை.

உரலைப் பேப்பரில் சுற்றிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். அவர் குசினிக்கு வெளியே மீன் வெட்டிக்கொண்டிருந்தார். உரலை நீட்டினேன். "இந்தாங்கோ அக்கா. உங்கடைதான்."

கையைக் கழுவித் துடைத்துவிட்டு வாங்கினார். சந்தோசமும் காட்டவில்லை, கோபமும் காட்டவில்லை. உள்ளே போய் மேல்பாதியை எடுத்து வந்து குழிக்குள் வைத்து அழுத்திப் பார்த்தார். "கொஞ்சம் தேய்க்கவேணும்" என்றார். மரம் தேய்க்கிற தாள் என்னிடம் இருக்கிறது, கொண்டுவந்து தருகிறேன் என்றேன். போவதற்குத் திரும்பியபோது கேட்டார்.

"பிள்ளை, அந்தக் கதவு உங்கட நிலைக்கு அளவா இருந்ததோ?"

இத்தனை வருடத்தில் அவர் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. பொய் சொல்ல வாய் வரவில்லை. "இல்லையக்கா. மூண்டு விரல் கட்டை."

அவர் தலையை ஆட்டினார். "நீங்கள் வந்து கேக்கிறதுக்கு முதல்நாள் எங்கட நிலையிலை தூக்கி வைச்சுப் பாத்தனான். அளவாத்தான் இருந்தது."

ஒன்றரை வருடம் அந்த வாசலில் தொங்கிய தறப்பாளை நினைத்தேன். அதற்கும் எனக்குக் கோபம்தான் வந்தது, வேறெதுவும் வரத் தெரியாததுபோல. "அண்டைக்கே சொல்லியிருக்கலாமேயக்கா!"

"எங்கட எண்டு சொல்லிக்கொண்டு வந்தனீங்கள். பிறகு அதிலை என்ன கேக்கிறது?"

என் கண் அவருடைய வாசல் நிலைக்குப் போனது. இப்போது அதில் தகரக் கதவு ஒன்று இருந்தது.

"அக்கா, அது கொழும்புக்குப் போயிட்டுது" என்றேன்.

"தெரியும்" என்றார், மறுபடி மீன் முன்னால் குந்திக்கொண்டு. "அவையள் ஏத்தேக்கை படலையடியிலை நிண்டு பாத்தனான்."